கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் 5 கி.மீ. தள்ளியிருக்கும் தோப்பு வீட்டு டவர் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் வயர்லெஸ் லிங்க் அடிக்கடி அறுந்துபோகிறதே?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் கண்ணுக்கு ஒரு கோடு போதும். ரேடியோ அலை அப்படி ஒல்லியான ஆள் இல்லை, நடுவழியில் தொப்பை போட்டுவிடும். அந்தத் தொப்பைக்குப் பெயர் ஃபிரெனல் மண்டலம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கி.மீ. போனால், நட்ட நடுவில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது பார்வைக் கோட்டைச் சுற்றி 5 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். பொள்ளாச்சியில் அந்த இடத்தில் யார் நிற்பார்? தென்னைதான்! அதுவும் நனைந்த ஓலை சிக்னலை நன்றாகவே விழுங்கும். பழியை மழை மேல் போடாதீர்கள். இந்த அலைவரிசையில், இவ்வளவு தூரத்துக்கு, மழையால் மட்டும் பெரிய நஷ்டமில்லை.

'டிஷ்ஷைப் பெரிசாக்குங்க' என்பார் கடைக்காரர். முதலில் கம்பத்தை உயர்த்துங்கள். பிறகு, ரிசீவருக்குக் குறைந்தபட்சம் தேவையானதைவிட 20 டெசிபெல்லாவது கூடுதலாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கம்பத்தின் உயரத்தில் தென்னை இனி வளரப்போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தை வெட்டச் சொன்னால் பக்கத்துத் தோப்புக்காரர் தரும் பதிலை நம்மால் அச்சில் போட முடியாது.