பெட்டிக்குள் ஒரு தூண்டில்

கேள்வி: நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் ஓயாத அலைச்சல். சாயங்காலம் மீன் பிடிக்க, பெட்டியில் அடங்குகிற மாதிரி எந்தத் தூண்டில் கோல் வாங்கலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: டாக்டர் வாசலில் பழகிய பொறுமை போதும், மீன் உங்களுக்குத்தான்!

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டெலஸ்கோப்பிக் கோல் கைக்கு அடக்கம், விலையும் மலிவு. ஆனால் மூட்டுக்குள் கடற்கரை மணல் புகுந்துவிட்டால் நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. என் ஓட்டு நான்கு துண்டாகக் கழற்றும் கோலுக்கே. 7 அடிக் கோல் கழற்றினால் இரண்டடிக்குள் அடங்கி, சட்டைகளுக்கு நடுவே குறுக்காகப் படுத்துக்கொள்ளும். 10 முதல் 30 கிராம் வரை வீசக்கூடியதாக, 3000 அளவு ரீலோடு வாங்குங்கள். நடுத்தரக் கொடுவாயும் பாறையும் இழுத்தாலும் தாங்கும். அறைக்குத் திரும்பியதும் கோலையும் ரீலையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு பொல்லாதது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கார்பன் கோலில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்கு அருகிலோ மின்னல் வெட்டும்போதோ அதைத் தூக்கவே கூடாது.

முள்ளுக்குத் தனி டப்பா வையுங்கள். இல்லாவிட்டால் முதலில் மாட்டுவது உங்கள் இஸ்திரிச் சட்டைதான்!