அறிவுரை: சாப்பாட்டுக்குப் பின், இரு வேளை

பிள்ளைகளிடம் மாத்திரைப் பழக்கத்தைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை காலை உகந்தது. முந்தின இரவு கல்யாண வீட்டில் பந்தியை விட்டு எழாதவர் என்றால் இன்னும் உகந்தது. பிள்ளையை எதிரே உட்கார வையுங்கள். தொண்டையைச் செருமிக்கொள்ளுங்கள். "தம்பி, மாத்திரை விஷயத்துல விளையாட்டு கூடாது" என்று தொடங்குமுன், "தலை வெடிக்குது, அந்த டப்பாவை எடுத்துட்டு வா" என்று அவனையே அனுப்புங்கள்.

எந்த டப்பா என்று அவன் கேட்க மாட்டான். ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்த தகர டப்பா, ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். எங்கள் வீட்டு டப்பாவைப் போன வாரம் பாயில் கவிழ்த்தேன். பெயர் அச்சடித்த பக்கமெல்லாம் கத்தரித்துப் போய், ஒற்றை வெள்ளை மாத்திரையோடு நின்ற ஒரு துண்டு. யாருடைய கண்ணுக்கு வாங்கினோம் என்று தெரியாத சொட்டு மருந்து. மூன்று நாளைக்கு எழுதி, காய்ச்சல் விட்டதும் இரண்டாம் நாளே கைவிடப்பட்ட அசித்ரோமைசின். அடியில், இரண்டு வருஷத்துக்கு முன் காலமான என் மாமியாரின் தூக்க மாத்திரை அட்டை. செத்தவர் செருப்பைக்கூட மறுநாளே வெளியே போட்டுவிடுகிறோம், மாத்திரையை மட்டும் 'எதுக்காவது ஆகும்' என்று வைத்துக்கொள்கிறோம்.

அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஒன்று ஓடும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை, அது என்ன என்று கேட்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது என்பதற்கான அடையாளம் அது. இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். "டிசைன்டா" என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு நடுவே மாத்திரை தீர்ந்துவிட்டதா? பழைய அட்டைத் துண்டையும் ஐம்பது ரூபாயையும் கொடுத்து அவனையே மெடிக்கலுக்கு அனுப்புங்கள். 2014 மார்ச் 1 முதல் ஹெச் 1 என்றொரு மருந்து அட்டவணை நடப்பில் இருக்கிறது. அதில் வரும் அல்பிரசோலம், டிரமடால் போன்றவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளை எட்டிப் பிடித்து நிற்கும் கல்லாவில் அந்த ரெஜிஸ்டர் தென்படாமல் போகலாம். "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றால் போதும் என்று அங்கே ஒரு பாடம் படிப்பான். டியூஷன் ஃபீஸ் கிடையாது.

பயமுறுத்தல் கட்டாயம் வேண்டும். டேபெண்டடால் என்னும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பையன்களைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் சில வருஷமாகவே செய்தி வருகிறது. அதை உரக்க வாசியுங்கள். "கெட்ட சகவாசம்" என்று முடியுங்கள். அந்த டேபெண்டடால் அடிபட்டவனுக்கும் ஆபரேஷன் முடிந்தவனுக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து என்பதைச் சொல்லாதீர்கள். மாத்திரை செய்யும்போது மாவும் டால்க்கும் சேர்ப்பார்கள், வயிற்றுக்கு அதனால் கெடுதல் இல்லை, ரத்தநாளத்தில் ஏற்றினால் அந்தத் துகள் நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும் என்று விளக்க ஆரம்பித்தால் பிள்ளை கவனமாகக் கேட்டுவிடுவான். நமக்கு வேண்டியது கவனம் இல்லை, பயம்.

சின்னப் பிள்ளையிடம் பேசவே வேண்டாம். ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகுமுன், பேசாமல் தூங்கட்டும் என்று சளி மருந்து ஒரு மூடி ஊற்றுங்கள். சில சளி மருந்துக் கலவைகளை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டது. அந்த எழுத்து பொடிசு, பஸ்ஸிலோ லைட்டை அணைத்துவிடுவார்கள்.

வளர்ந்த பிள்ளை ஏற்கெனவே பழகிவிட்டான் என்று தெரியவந்தால்? 14446 என்று போதை மீட்புக்கு இலவச எண் ஒன்று இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பெரியப்பாவைக் கூப்பிடுங்கள், இரண்டு அறை விட்டு "இன்னியோட விட்டுடு" என்பார். தூக்க மாத்திரையைத் தினமும் போட்டுப் பழகியவன் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால்தான் டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். இந்த விவரமெல்லாம் கோபத்துக்கு இடைஞ்சல்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. மேற்படி முறைப்படி அவளிடம் பேச உட்கார்ந்தேன். பாயில் கிடந்த அம்மாச்சியின் அட்டையைக் கையில் எடுத்தாள்.

"அம்மாச்சி ராத்திரிக்குப் பாதிதானப்பா போடுவாங்க? நான்தானே உடைச்சுக் கொடுப்பேன்."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை புது அட்டை பிரிச்சோம். புதன்கிழமை ராத்திரி வரைக்கும் கொடுத்தேன். நாலு பாதி, ரெண்டு. அப்ப எட்டு இருக்கணும்ல?"

ஐந்துதான் இருந்தது. குறைந்த மூன்றும் போன மார்ச்சில், ஆபீசில் கணக்கு முடிக்கிற வாரம், தூக்கம் பிடிக்காத மூன்று ராத்திரிகளில் என் வயிற்றுக்குள் போயின. சீட்டு கிடையாது. எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. அவள் கேட்டதற்கு "எங்கயாவது விழுந்திருக்கும்" என்றேன்.

பேச உட்காருமுன் உங்கள் வீட்டு டப்பாவையும் ஒரு தடவை கவிழ்த்து எண்ணிவிடுங்கள்.