வெள்ளாய்வு: மேல்தொட்டி வழிதல் குறித்து எல்லைப்புறத்திலிருந்து ஒரு விசாரணை

1. ஆய்வுக்களம்

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, வடகரப்பதி ஊராட்சியில் உள்ளது வேலந்தாவளம். சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வரும்வரை இவ்வழியே போன சரக்கெல்லாம் வரிச் சோதனைக்கு நின்றது. சொற்கள் மட்டும் அன்றும் நின்றதில்லை. 'வெள்ளம்' அப்படிக் கடந்துபோன சொல். தமிழில் அது ஊரை அடித்துப்போகும் பெருக்கு. மலையாளத்தில் குடிக்கிற தண்ணீர். இரு பொருளும் ஒருசேரப் பொருந்தும் இடம், வழிகிற மேல்தொட்டிக்கு நேர் கீழே உள்ள எங்கள் வாசல்.

2. சிக்கல்

எங்கள் மொட்டைமாடியில் 500 லிட்டர் கறுப்புத் தொட்டி செங்கல் மேடைமேல் நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் குழாய் 200 லிட்டர் சோலார் ஹீட்டரை நிரப்புகிறது. மோட்டார் காலை 7 மணிக்கே நிறுத்தப்படும். ஆயினும் நண்பகல் தொடங்கி வழிகுழாய் சொட்டும். இதனால் எழும் வினா: இறைக்காத நீர் எவ்வாறு வழியும்?

மழைமறைவுப் பகுதி இது. பாலக்காட்டில் கொட்டுகிற மழையில் எங்களுக்கு வருவது மிச்சம் மீதி. போர் போட்டு எடுக்கும் தண்ணீர் வீணாவதைப் பார்த்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் சும்மா இருக்க முடியாது.

3. முன்னோர் கொள்கைகளும் மறுப்பும்

(அ) மோட்டார்க் கொள்கை. இதன் ஆசிரியர் அப்பா. "எவனோ மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டான்" என்பது மூலபாடம். 'எவனோ' என்றது இவ்வாய்வாளரை. மறுப்பு: கரண்ட் போன நண்பகலிலும் சொட்டியது.

(ஆ) பால் வால்வுக் கொள்கை. இது பிளம்பர் மரபு. மிதவைப் பந்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினாலோ, வாஷர் தேய்ந்தாலோ வால்வு மூடாது. நீர் வழியும் என்பர். நல்ல கொள்கைதான். ஆனால் எங்கள் தொட்டியில் பால் வால்வே கிடையாது. இல்லாத உறுப்பை மாற்ற பிளம்பர் இருநூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார் என்பது இம்மரபின் தன்னம்பிக்கையைக் காட்டும்.

(இ) காற்றுக்குழாய்க் கொள்கை. இது ஹீட்டர் பொருத்துவோர் மரபு. ஹீட்டர் தலையிலிருந்து எழும் காற்றுக்குழாயின் வாய், குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்கவேண்டும். சுடுதண்ணீர் எடை குறைந்தது. ஆகவே குழாய்க்குள் அது பச்சைத் தண்ணீரைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். குழாய் குட்டையானால் வாய் வழியே கொட்டிவிடும். மறுப்பு: எங்கள் குழாய் நெட்டை, வாய் வறண்டிருந்தது. சொட்டியது தொட்டி, சொட்டிய நீரும் சுடவில்லை.

(ஈ) வினாக் கொள்கை. பக்கத்து வீட்டுச் சேச்சி துணி உலர்த்தியபடியே மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டார்: "ராத்திரி வெள்ளம் போகுமோ?"

மூன்று மரபினரும் எதனால் என்றே வாதாடினர். எப்போது என்று கேட்டவர் சேச்சி ஒருவரே.

4. சோதனை

கருவிகள்: ஒரு பக்கெட், ஒரு லிட்டர்ச் செம்பு, ஒரு நாற்காலி. இரவில் சொட்டவில்லை. மூட்டம் போட்ட நாளில் பக்கெட்டின் அடி மட்டும் நனைந்தது. பதினொரு மணிக்குத் துணி துவைத்த நாளில் அதுவுமில்லை. வெயில் கொளுத்திய நாள், வீட்டில் யாரும் குழாயைத் திறக்கவில்லை: மூன்று செம்பும் கொஞ்சமும்.

5. விளக்கம்

தண்ணீர் சூடானால் விரியும். 25 பாகையிலிருந்து 65 பாகைக்கு ஏறும்போது 100 லிட்டர் ஏறத்தாழ 1.7 லிட்டர் கூடும். 200 லிட்டருக்கு 3.4. கூடியது ஹீட்டருக்குள் தங்க இடமில்லை. வந்த குழாய் வழியே பின்னோக்கித் தள்ளும். அந்தக் குழாயில் நிற்பது பச்சைத் தண்ணீர். ஆகவே தொட்டிக்குத் திரும்புவதும் அதுவே. வழிந்த நீர் சுடாமைக்குக் காரணம் இதுவென்க.

அப்படியாயின் மற்ற வீடுகளில் வழியாதது ஏன்? அங்கே தொட்டியில் இடம் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் முறை வேறு. "வழிஞ்சாத்தானே நெறஞ்சுதுன்னு தெரியும்?" என்பார். வழிகுழாய்ச் சத்தம் கேட்ட பிறகே சுவிட்ச் அணையும். காலையில் மயிரிழை இடமும் மிச்சமில்லாத தொட்டியில், நண்பகலில் சூரியன் மூன்று லிட்டர் ஊற்றுகிறான்.

இங்கிலாந்தின் பழைய வீடுகளில், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் நீர்க்குழாய்களுக்கென்று பரணில் ஒரு குட்டித்தொட்டி வைப்பார்கள். அதன் அடியில் நாலங்குலம் அளவே தண்ணீர் நிறுத்துவார்கள். மீதி இடம், சூடாகித் திரும்பும் நீருக்கு. குளிர்தேசத்தார் அறிந்த இதை வெயில்தேசத்தார் மறந்தது வியப்பு.

6. முடிவு

'நிறைகுடம் தளும்பாது' என்னும் பழமொழி நிழலில் வைத்த குடத்துக்கே பொருந்தும். வெயிலில் வைத்த குடம் நிறைந்திருந்தால் தளும்பியே தீரும். இடம் விட்ட குடமே தளும்பாதது.

500 லிட்டர்த் தொட்டியில் அந்த மூன்றரை லிட்டருக்குத் தேவையான உயரம் ஒரு விரல் பருமன்கூட இல்லை. இப்போது காலையில் நான் மாடியேறி, நாலு விரல் குறையும்போதே "போதும்மா" என்று குரல் கொடுக்கிறேன். சொட்டு நின்றுவிட்டது. பிளம்பரிடமிருந்து முன்பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.