பற்றரிக்கும் பிறப்புப் பதிவு

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஊரில் ஓர் ஆளைப் பற்றி எல்லாருக்கும் கொஞ்சம் கவலை என்று கேள்வி. அதனால்தான் இந்தக் கடிதம். ஒலுவிலில் பிறந்து, இப்போது துறைமுகம் இருக்கும் கடற்கரையில் பந்தடித்து வளர்ந்து, டென்மார்க்கின் ஜட்லாந்துப் பக்கம் குடியேறிய அந்த ஆள், வீட்டிலுள்ள பற்றரிகளுக்கெல்லாம் பேரும் திகதியும் எழுதிக் கொப்பியில் பதிந்து வைக்கிறாராம். குளிரில் ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று அவருடைய ராத்தா பாலமுனை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். பெயர் வேண்டாம், உங்களுக்கு ஆளைத் தெரியும். கடிதத்தின் கையெழுத்து அவருடையதைப் போலவே இருந்தால் அது தற்செயல்.

மூளை கலங்கவில்லை. நாடு அப்படி. டிசம்பரில் இங்கே சூரியன் காலை ஒன்பது மணி வாக்கில் எழும்பும். பின்னேரம் மூன்றே முக்காலுக்கெல்லாம் மஃரிப். வேலைக்குப் போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். சைக்கிள் ஓடாதவன் மனிதனில்லை என்ற நாட்டில், சூரியன் மறைந்த பிறகு முன்னுக்கு வெள்ளை விளக்கும் பின்னுக்குச் சிவப்பு விளக்கும் இல்லாமல் ஓடினால் பொலிஸ் தண்டம் எழுதும். வீட்டில் நாலு சைக்கிள் என்றால் எட்டு விளக்கு. பிறகு பிள்ளைகளின் விளையாட்டுக் கார், ரெயில், ரிமோட், தராசு, சுவர் மணிக்கூடு, சூடாக்கியின் திருகு. நம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு ரோச்லைட்டும் ஒரு ரேடியோவும் இருந்த காலத்தில் வளர்ந்தவர், முதல் வருஷம் பற்றரி வாங்கிய காசைக் கூட்டிப் பார்த்து நோன்பு பிடித்தவரைப் போல வாடிப்போனார். அதற்குள் ஐக்கியா கடையும் 2021 இல் சாதாரண அல்கலைன் பற்றரி விற்பதை நிறுத்திவிட்டது. மீள்சார்ஜ் பற்றரிதான் வழி என்று முடிவானது.

அங்கே ஆரம்பித்தது வில்லங்கம்.

சார்ஜ் ஏறியதும் இறங்கியதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். நேற்று வாங்கியதும் ஏழு வருஷத்துக்கு முன் வாங்கியதும் அதே வெள்ளைச் சட்டையில் கிடக்கும். லாச்சியைத் திறந்து கைக்கு அகப்பட்ட இரண்டைப் போட்டுக்கொண்டு போனால் பாதி வழியில் விளக்கு அணையும். அப்படி இருட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்த ஒரு இரவில்தான் நம்மட ஆள் படிக்கத் தொடங்கினார்.

இந்த மீள்சார்ஜ் பற்றரிகளின் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் சாதியில் ஒரு பற்றரிக்கு 1.2 வோல்ற், அல்கலைனுக்கு 1.5. இரண்டைத் தொடராகப் போட்டால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். அதில் ஒன்று பழசு, மற்றது புதுசு என்றால் பழசு முதலில் காலியாகும். காலியான பிறகும் புதுசு விடாது. மின்னோட்டத்தை அதன் ஊடாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளஸ் மைனஸாகி, மைனஸ் பிளஸாகி, உள்ளே வாயு கட்டி, பலவீனமான பற்றரி அதோடு நாசம். ஒரு பக்கம் கிழட்டு மாட்டையும் மறுபக்கம் இளங்காளையையும் வண்டியில் பூட்டினால் யாருக்குக் கழுத்து முறியும் என்று சம்மாந்துறை வயல்காரனிடம் கேட்க வேண்டியதில்லை. ஆக ஒரு பற்றரிக்குத் தேவையான தகவல் இரண்டே: எப்போது வாங்கியது, யாரோடு சோடி. மீதியெல்லாம் ஆடம்பரம் என்பது நம்மட ஆளின் துணிபு. ஆனால் ஆடம்பரத்தையும் அவர் விடவில்லை.

முதலில் அச்சடித்து ஒட்டும் பிளாஸ்டிக் நாடா வாங்கினார். அழகாக ஒட்டிச் சைக்கிள் விளக்குக்குள் போட்டார். போனது போனதுதான். அந்தக் குழாய்க்குள் ஒரு கடதாசிக் கனத்துக்குக்கூட இடமில்லை. தட்டினார், குலுக்கினார், கடைசியில் விளக்கையே குப்பையில் போட்டார். அதன் பிறகு மார்க்கர் பேனைக்கு மாறினார். பற்றரியின் மேல் சட்டையைக் கீறக் கூடாது, பிளஸ் குமிழைச் சுற்றி எதையும் ஒட்டி அடைக்கக் கூடாது, ஏனென்றால் வாயு வெளியேறும் துவாரம் அங்கேதான் என்பதெல்லாம் அந்த வாரம் வீட்டில் நடந்த வகுப்பு. பொஞ்சாதி வகுப்புக்கு வரவில்லை.

முறை இப்படி. ஒன்றாக வாங்கிய நாலுக்கும் ஓர் எழுத்து: அ1, அ2, அ3, அ4. அடுத்த பொதிக்கு ஆ, பிறகு இ. கீழே மாதமும் வருஷமும். சோடியை இழந்து தனித்துப் போனதற்கு ஃ. வேலைத்தலத்தில் ஒரு டேனிஷ்காரர் இரவலாக வாங்கிய பற்றரியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இந்த மூன்று புள்ளி என்ன ஆபத்துக் குறியா?” என்று கேட்டாராம். விதவைப் பற்றரி என்று நம்மட ஆள் விளக்க, அந்த மனிதர் இன்றுவரை அவரிடம் எதையும் இரவல் கேட்பதில்லை.

சார்ஜ் ஏறியது எது என்று அறிய எழுத்து வேண்டியதில்லை. பெட்டியில் பிளஸ் மேலே பார்த்தால் நிறைந்தது, கீழே பார்த்தால் காலி. நல்ல ஏற்பாடு. ஆனால் காலியானதைத் தலை நிமிர்த்தி வைத்தால்தானே கண்ணில் படும் என்பது பொஞ்சாதியின் கட்சி. இரண்டு கட்சியும் ஒரே பெட்டியை ஆண்ட ஒரு மாதத்தில் வீட்டில் எந்த விளக்கும் ஒழுங்காக எரியவில்லை. இப்போது இரண்டு பெட்டி.

ஒவ்வொரு சார்ஜையும் எழுதுகிறார் என்று ராத்தா சொல்வது பொய். அந்தக் காலத்துப் பற்றரி சும்மா கிடந்தாலும் சில மாதத்தில் வடிந்துவிடும். அப்போது சார்ஜ் திகதி எழுதியவருக்கு ஒரு நியாயம் இருந்தது. ஜப்பானின் சான்யோ 2005 நவம்பரில் எனிலூப் என்று ஒன்றை விற்கத் தொடங்கியதிலிருந்து கதை மாறியது. ஒரு வருஷம் லாச்சியில் கிடந்தாலும் பெரும்பகுதி மிஞ்சும். இன்று நல்ல கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வகைதான். அதனால் நம்மட ஆள் ரமழானுக்கு முன் ஒருதரம், கொள்ளளவு காட்டும் சார்ஜரில் போட்டுச் சோதிப்பதோடு சரி. 2000 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்தது 1200 ஐத் தொட்டால் சைக்கிளிலிருந்து விலக்கி ரிமோட்டுக்கு மாற்றம். அரசாங்க உத்தியோகத்தில் இலேசான கதிரைக்கு மாற்றுவது போலத்தான், ஆனால் பற்றரி மேன்முறையீடு செய்வதில்லை.

டென்மார்க்குக்கும் பற்றரிக்கும் பழைய உறவு மச்சான். உலர் பற்றரியை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் கோப்பன்ஹேகனின் வில்ஹெல்ம் ஹெல்லேசன். 1887 இல் செய்தார். அவர் பெயரில் வந்த பற்றரியில் புலிப் படம். நம்மட கடைகளில் தொங்கிய சீனத்துப் புலித்தலைப் பற்றரி உங்களுக்கு ஞாபகமிருக்கும்; இரண்டு புலிக்கும் சொந்தமா என்று ஆராய இது இடமில்லை. இன்னொரு வேடிக்கை, நம்மட ஆள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்த்ருயர் என்ற சிற்றூரில் 1925 இல் தொடங்கிய பாங் அன்ட் ஒலுப்சன் கம்பனி. இன்று பணக்காரர் வீட்டு ஒலிபெருக்கிக்குப் பேர்போனது. அவர்களை முதலில் நிமிர்த்திய சாமான் எலிமினேட்டர். அந்த நாள் ரேடியோக்கள் பற்றரியில் ஓடியவை. இந்தப் பெட்டியைப் பூட்டினால் வீட்டு மின்சாரத்தில் ஓடும். பற்றரித் தொல்லை தாங்காமல் ஒரு கம்பனியே பிறந்திருக்கிறது. ராத்தாவிடம் சொல்லுங்கள்.

தொல்லை நமக்கும் புதிதல்ல. 1990களில் வடக்கே பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். யாழ்ப்பாணத்துச் சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டது. இறந்த பற்றரியை வெயிலில் காய வைத்து உயிர்ப்பிக்கிற வித்தை நம்மட கரையோரத்திலும் எல்லா உம்மாமாருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு வேலையும் செய்யும். சூட்டில் உள்ளேயிருக்கும் இரசாயனம் சற்றே சுறுசுறுப்பாகும், அவ்வளவுதான். மீள்சார்ஜ் பற்றரிக்கு இந்த வைத்தியம் வேண்டாம். வெப்பம் அதன் ஆயுளைத் தின்னும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோதும், 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்து நாடே இருண்டபோதும், நம்மட ஆள் இங்கேயிருந்து தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் சார்ஜ் போட்டது எத்தனை கிடக்கு?” குரங்கைப் பற்றிப் பிறகுதான் கேட்டார்.

இனி மரணச் சடங்கு. டென்மார்க்கில் வீட்டுக் குப்பையைப் பத்து வகையாகப் பிரிக்க வேண்டும். பற்றரி எந்தத் தொட்டிக்குள்ளும் போகாது. பல நகரசபைகளில், உள்ளே இருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டி மூடியின் மேல் வைக்க வேண்டும். வண்டிக்காரர் எடுத்துப் போவார். தெரியும்படியான பை என்பதுதான் இடைஞ்சல். இந்த வீட்டில் மாதத்துக்கு எத்தனை பற்றரி சாகிறது என்று தெருவே பார்க்கும். அ, ஆ, இ எழுதிய பை வெளியே வந்த நாளில், இரண்டு வீடு தள்ளியிருக்கும் கிழவி நின்று நிதானமாக வாசித்துப் பார்த்தார்.

அடுத்த செய்தியைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த பற்றரிச் சட்டப்படி, 2027 பெப்ரவரி 18 முதல் மின்சாரக் கார், மின்சைக்கிள் போன்றவற்றின் பற்றரிகளுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். விளையாட்டில்லை, சட்டத்திலேயே அதுதான் பெயர். ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைத் தட்டினால் யார் செய்தது, எங்கே, எப்போது, உள்ளே என்ன, கொள்ளளவு எவ்வளவு என்று எல்லாம் வரும். 2024 இல் நம் நாட்டில் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகம் தீர்ந்து, பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக வரிசையில் நின்றது. இங்கே மின்சைக்கிளின் பற்றரி தொழிற்சாலையை விட்டு இறங்கும்போதே கடவுச்சீட்டோடு இறங்கப் போகிறது. விசா கிடைக்காத மைத்துனர் ஒருவருக்கு நம்மட ஆள் இதைச் சொல்ல, அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

“உங்கள் ஊர் எது?” என்று டேனிஷ்காரர் கேட்டால் நம்மட ஆளுக்கு ஒரு பதில் இருக்கிறது: “உங்கட கடனில் துறைமுகம் கட்டிய ஊர்.” யாரும் நம்புவதில்லை. அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்த நாளிலிருந்து ஒலுவில் கண்ட கனவு, டென்மார்க்கின் கடனில் கட்டி 2013 செப்டம்பர் 1 இல் திறந்தது, பிறகு வாயில் மணல் மூடியது, வடக்கே கரையைக் கடல் தின்றது, தோணிக்காரர் பட்ட பாடு எல்லாவற்றையும் சொல்வார். கேட்டவர் ஆச்சரியப்படுவது வேறு இடத்தில்: “கடைசியாக எப்போது மணல் அள்ளினார்கள்?” இவர்களுக்கு மணல் வீட்டுச் சங்கதி. ஜட்லாந்தின் மேற்குக் கரையை வடகடல் அரித்துக்கொண்டே இருப்பதால், வருஷா வருஷம் கப்பலில் மணல் கொண்டுவந்து கரையில் கொட்டுகிறார்கள். துறைமுக வாய்களில் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கென்றே லெம்விக் என்ற ஊரில் ஓர் அரச அலுவலகம். பற்றரியை வாங்குவது ஒருநாள் செலவு, வைத்துப் பார்ப்பது நாளாந்த வேலை என்று இந்த நாட்டில்தான் நம்மட ஆள் படித்தார். அந்தப் பாடத்தைக் கடனோடு சேர்த்து ஒலுவிலுக்கும் அனுப்பியிருக்கலாம். துறைமுக வாசலில் ஒரு பலகை, அதில் கடைசியாகத் தோண்டிய திகதி, அடுத்துத் தோண்டும் திகதி. கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் எழுத இடமிருந்ததுதானே?

இப்போது காரியத்துக்கு வருவோம். ஊருக்கு வரும் ஓர் ஆள் கையில் எட்டுப் பற்றரியும் ஒரு சார்ஜரும் வருகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். சில்லறைக் காசோடு பையில் போட்டால் முனைகள் தொட்டுச் சுட்டுவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பவர் பேங்க் அனுப்பவில்லை. போன பயணத்தில் கையில் கொண்டுவந்ததன் மேலிருந்த எழுத்து உரசி அழிந்துவிட்டது. 100 வாட் மணிக்குள் அடங்குமா என்று வாசிக்க முடியாததை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று ஒரு விமான நிலையத்தில் பறித்துக்கொண்டார்கள். 27,000 மில்லி அம்பியர் மணி வரைக்கும் அந்தக் கணக்குக்குள் அடங்கும், ஆனால் எழுத்துத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிய ஆள் அதற்கு மட்டும் எழுதவில்லை என்று பொஞ்சாதி இன்றும் விருந்தாளிகளுக்குச் சொல்கிறார்.

சார்ஜருக்கு இங்கத்தைய இரண்டு முள்தான். நம்மட சதுரத் துவாரத்துக்கு ஒரு அடாப்டர் கல்முனையில் வாங்கிக்கொள்ளுங்கள். பேனையால் மேல் துவாரத்தைக் குத்தித் திறந்து செருகும் பழைய வித்தை வேண்டாம். நாலில் ‘உ’ என்றும் நாலில் ‘ஊ’ என்றும் எழுதியிருக்கிறது. உ ரேடியோவுக்கு, ஊ பேரப்பிள்ளையின் காருக்கு. புகை எச்சரிக்கைக் கருவி வாங்கினால் அதற்குள் இதைப் போடாதீர்கள், அதற்குச் சாதாரண பற்றரிதான் சரி.

இதையெல்லாம் நம்மட ஆள் உம்மாவுக்கு முன்கூட்டியே வட்ஸ்அப்பில் விளக்கியாயிற்று. முந்திய பொதியைப் பற்றிய அறிக்கையோடு உம்மாவின் குரல் பதிவு வந்தது. காருக்குள் ஒரு இ, ஒரு ஈ. ரேடியோவுக்குள் மற்ற இரண்டும். ஏன் உம்மா கலந்தீர்கள் என்று கேட்டதற்கு மறுமொழி: “ரெண்டும் நீங்க அனுப்பினதுதானே மகன். ஒரு வூட்டுப் புள்ளையள் ஒண்டா இரிந்தா என்ன?”

மச்சான், ஒருதரம் வீட்டுப் பக்கம் போய், அந்தக் காரின் மூடியைக் கழற்றிச் சோடியை மாற்றிவிட்டு வாருங்கள். உம்மா பார்க்காத நேரத்தில்.

வஸ்ஸலாம்.