லாரிக்காரர் தூக்கிய தார்ப்பாய்

ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு வண்டியைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தன டன்னு ஏத்தும்?" இரண்டாவது கேள்வி, "பாடி எங்க கட்டுனது, நாமக்கல்லா?" மூன்றாவது கேள்வி கிடையாது. நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டுகிறது. சங்ககிரி லாரியை ஓட்டுகிறது. திருச்செங்கோடு ரிக் வண்டியை இந்தியா முழுக்க அனுப்பி, கண்ட இடத்தில் பூமியை ஓட்டை போடுகிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு ஒருவன், "எழுநூறு கிலோவில், கூரை கழட்டிப்போடுகிற மாதிரி, ரெண்டே சீட்டு உள்ள பழைய கார் ஒன்று வேண்டும்" என்று சொன்னால், அவனுக்குப் பெண் கொடுத்த வீடு கவலைப்படத்தான் செய்யும்.

"ஏனுங்க மாப்ள, உங்களுக்கு ஒரு சீட்டு, பாப்பாளுக்கு ஒரு சீட்டு. உங்க அத்தைய எங்க உக்கார வெப்பீங்க?"

"அதுக்காகத்தானுங்க மாமா, பாத்துப் பாத்து ரெண்டு சீட்டு வண்டியாத் தேடிட்டிருக்கறேன்."

இந்த ஆசையைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளுவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு சரித்திரத்தைக் கேட்டுவிட வேண்டும். பாடப்புத்தகத்தில் இது இல்லை. இருந்திருந்தால் நாம் எல்லோரும் பாஸ் ஆகியிருப்போம்.

1950-களில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் என்றொரு கம்பெனி இருந்தது. சின்னக் கார் ஒன்று செய்ய ஆசைப்பட்டது. அதற்கு உடம்பு அடித்துக் கொடுக்க ஆள் வேண்டும். வழக்கமாகத் தகடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953-இல் போட்டிக்காரரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. பங்காளித் தகராறில் கிணற்றை எதிராளி வளைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முழு உடம்பையும் ஒரே துண்டாக அடித்துக் கொடுக்க யாருமில்லை. ஆகவே உடம்பைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து, தனியாக ஒரு சேசிஸ் செய்து, அதன் மேல் எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவானது. லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல் ஆசாரியிடம் கேட்டிருந்தால் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் இதே யோசனையைச் சொல்லியிருப்பார்.

அப்படிப் பிறந்ததுதான் ட்ரையம்ப் ஹெரால்ட், 1959. உருவம் வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி. அறுபது மைல் வேகத்தைத் தொட அரை நிமிஷம் ஆகும், அதற்குள் ஒரு டீ ஆற்றிவிடலாம். ஆனால் இரண்டு வித்தைகள் அதனிடம் இருந்தன. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் 25 அடிக்குள் திரும்பிவிடும், லண்டன் டாக்சி மாதிரி. முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, பீடி பிடித்துக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். உலகத்தில் மெக்கானிக்கின் இடுப்பை நினைத்துச் செய்த கார் அநேகமாக இது ஒன்றுதான்.

கூரையும் போல்ட்டில்தான் நின்றது. கூரை கழலும், சேசிஸ் தனியாக இருக்கிறது, அப்படியானால் இதையே வெட்டிச் சுருக்கி ஸ்போர்ட்ஸ் கார் செய்தால் என்ன என்று மிக்கெலோட்டி அதற்கும் ஒரு மாதிரி வண்டி செய்தார். செய்து முடித்த நேரத்தில் கம்பெனியில் காசு தீர்ந்துபோனது. மாதிரி வண்டியைத் தொழிற்சாலை மூலையில் தள்ளி, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு, எல்லோரும் சம்பளம் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1961-இல் கம்பெனியை விலைக்கு வாங்கி உள்ளே வந்தவர்கள் யார் என்பதுதான் நம் ஊர் கவனிக்க வேண்டிய இடம். லேலண்ட்! லாரிக்காரர்கள்! மெட்ராஸ் அசோக் மோட்டார்ஸில் பங்கு வாங்கி, 1955-இல் அதை அசோக் லேலண்ட் ஆக்கிய அதே லேலண்ட். எண்ணூரிலிருந்து வந்து நாமக்கல்லில் பாடி கட்டிக்கொண்டு சங்ககிரியில் லோடு ஏற்றிய வண்டிகளின் தாய்வீடு.

புது முதலாளிகள் சரக்கைக் கணக்கெடுக்க ஷெட்டைச் சுற்றி வந்தார்கள். லாரிக்காரருக்குத் தார்ப்பாய் மூடிய எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது, உள்ளே என்ன லோடு என்று பார்த்தே ஆகவேண்டும். ஸ்டான்லி மார்க்லாண்ட் என்கிற லேலண்ட் பெரிய தலை துணியைத் தூக்கச் சொன்னார். அடியில் இந்தக் குட்டி வண்டி. பார்த்தார், பிடித்துப்போனது, செய்யச் சொல்லிவிட்டார். பெயர் ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானத்தின் பெயர். 1962 அக்டோபரில் வந்தது. 1147 சி.சி., 63 குதிரை, எடை ஏறக்குறைய 700 கிலோ. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. பதினாறு டன் யோசிக்கிற மூளைக்கு எழுநூறு கிலோவின் அருமை புரிந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். மாமனாருக்கு இந்த ஒரு கதையை மட்டும் சொன்னாலே போதும்.

இந்த ஸ்பிட்ஃபயரின் அண்ணன் ஹெரால்ட் சும்மா இருக்கவில்லை, 1961-லேயே மெட்ராஸுக்குக் கப்பலேறி வந்துவிட்டது. இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி அதை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் செய்தது. அது லைசென்ஸ் காலம். இந்தியா முழுமைக்கும் கார் என்றால் மூன்றுதான். அம்பாசடர், மந்திரிக்கு. ஃபியட், டாக்டருக்கு. ஹெரால்ட், வீட்டில் பேச்சுக் கேட்காத பையனுக்கு. அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல். ஏறினால் மாமியார் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்த மரியாதை வரும். ஹெரால்ட் எண்ணூறு கிலோ சொச்சம்தான், மரியாதை வராது. சிரிப்பு வரும்.

சுத்தமான ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்றால் அன்றைக்குப் புதிதாக வாங்கவே வழியில்லை. வெள்ளைக்கார எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதை வாங்க வேண்டும். இல்லையென்றால் தூதரகக்காரர்கள் ஓட்டிக் கழித்ததை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலம் விடும்போது கை தூக்க வேண்டும். அரிசி, சர்க்கரையோடு வெளிநாட்டுக் காருக்கும் அரசாங்கமே மண்டிக்கடை வைத்திருந்த நாடு இது. ஆகவே அன்றைக்கு நம் நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே செகண்ட் ஹேண்ட்தான். 'யூஸ்டு' என்று கூச்சப்பட வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் குல வழக்கம்.

வேகம் பார்க்க விரும்பியவர்கள் சோழவரத்துக்குப் போனார்கள். யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம். 1950-களில் தொடங்கி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப்பாதை வரும்வரை, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருந்தது அதை நம்பித்தான். இங்கிலாந்தில் விமானத்தின் பெயரைக் காருக்கு வைத்தார்கள். நாம் விமானம் ஓட வேண்டிய இடத்தில் காரையே ஓட்டிவிட்டோம். சிக்கனம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹெரால்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, மறைக்க வேண்டாம். பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். வளைவில் வேகமாக நுழைந்து, பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து பட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கும், வண்டியின் பின்பக்கம் தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடும். தைரியசாலிக்கு ஒன்றும் ஆகாது, பயந்தவனுக்குத்தான் ஆபத்து. தவணையில் வாங்கியவனுக்கும். மெட்ராஸ்காரர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். முதலில், இங்கிலாந்தில் இல்லவே இல்லாத நாலு கதவு ஹெரால்ட் ஒன்றைத் தாங்களே செய்தார்கள், நம் குடும்பத்தின் அளவு தெரிந்தவர்கள். பிறகு 1972-இல் 'கஸெல்' என்று பெயர் மாற்றி, பின்னால் முறையான முழு ஆக்சில் போட்டு ஆட்டத்தை அடக்கினார்கள். மான் என்று பெயர் வைத்ததும் துள்ளல் போய்விட்டது. 1977-இல் அதுவும் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால்தான் எடையைப் பற்றி நான் சொல்லவருவது விளங்கும். 1985-இல் கம்பெனிக்குப் பெரிய மனுஷக் கார் செய்ய ஆசை வந்தது. ரோவர் எஸ்.டி.1 என்ற வெளிநாட்டுச் சொகுசுக் காரின் உடம்பைக் கொண்டுவந்தார்கள். பளபளப்பு, அகலம், ஆறடி ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அங்கே அந்த உடம்புக்குள் மூன்றரை லிட்டர் வி-8 எஞ்சின் ஓடியது. இங்கே அதற்குள் வைத்தது, 1940-களின் ஸ்டாண்டர்ட் வான்கார்டு வம்சத்து 1991 சி.சி. எஞ்சின். அந்த வம்சத்தை விசாரித்துப் போனால் ஃபெர்குசன் டிராக்டர் வீட்டில் கொண்டுபோய் விடும், சம்பந்தம் அப்படி. பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு பரம்படிக்க இறங்கியது போலத்தான் ஆனது. 'ஸ்டாண்டர்ட் 2000' மூன்று வருஷத்தில் கம்பெனியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. பெருங்களத்தூரில் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்றைக்கு ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. இலேசான வண்டி விற்றவரைக்கும் பிழைத்தார்கள், கனமான வண்டி செய்து காலியானார்கள்.

ஹெரால்டின் ரத்தம் மட்டும் வற்றவில்லை. 1962-இல் லண்டன்காரர் காலின் சாப்மன் லோட்டஸ் எலான் என்ற மெல்லிய வண்டி செய்தபோது, ஸ்டியரிங்கும் முன்சக்கரம் தாங்கும் சாமான்களும் ட்ரையம்ப் கடைச் சரக்குதான். பிறகு 1979-இல் பாப் ஹால் என்கிற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், மாஸ்டா கம்பெனியின் கெனிச்சி யமமோட்டோவிடம், "அந்தக் காலத்து இங்கிலீஷ் குட்டி வண்டி மாதிரி, ஆனால் எண்ணெய் ஒழுகாமல், ஒன்று செய்யக் கூடாதா?" என்கிற பாணியில் நச்சரித்தார். பத்திரிகைக்காரன் சொல்லை ஒரு கம்பெனி கேட்டது சரித்திரத்திலேயே அபூர்வம். பத்து வருஷம் கழித்து, 1989-இல் எம்.எக்ஸ்-5 வந்தது. 2016-க்குள் பத்து லட்சம் வண்டி. உலகம் முழுக்கப் பழைய எம்.எக்ஸ்-5 தேடி அலைகிற கூட்டத்தின் குலதெய்வம் எது என்று தோண்டினால், கடைசியில் கவென்ட்ரியில் தார்ப்பாய்க்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு சேசிஸ் கிடைக்கும்.

சரி, அந்தக் கூட்டம் எதற்குத்தான் அலைகிறது? வேகத்துக்கா? இன்றைக்கு இரண்டு டன் எஸ்.யூ.வி. ஒன்று நெடுஞ்சாலையில் நூற்றுமுப்பதில் போகும்போது உள்ளே இருப்பவர் ஏ.சி.யில் தூங்கிக்கொண்டிருக்கிறார். இலேசு வண்டியில் ஐம்பதில் போனாலே காது ரெண்டும் காற்றில் படபடக்கும், ரோட்டில் கிடக்கிற புளியங்கொட்டை முதற்கொண்டு முதுகெலும்புக்குச் சேதி சொல்லும். போலீஸ் கேமரா எழுதுகிற வேகத்துக்குப் போகாமலே போன மாதிரி இருக்கும். பழைய வண்டி என்பதால் கீறல் விழுந்தால் நெஞ்சு அடைக்காது. யாரோ ஒருவர் புதிதாக வாங்கிப் பட்ட நஷ்டத்தை நாம் ஜாலியாக ஓட்டுகிறோம். எடையைப் பார்த்து மதிக்கும் ஊருக்கு நான் கேட்பது ஒன்றுதான்: ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கை என்றைக்காவது கனத்துக்காகத் தின்றிருக்கிறோமா?

அப்படி ஓட்டுவதற்கு நம்மைவிட ராசியான மாவட்டம் எது? சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கு 70. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்குப் பணம் கட்டிப் போகிறவர்களைப் பிடித்து வந்து காட்ட வேண்டும். இத்தனை வளைவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் வாங்குவது, நேராக மட்டும் போகத் தெரிந்த வண்டிகளை.

வாங்கத் துணிந்தவருக்கு நாலு வார்த்தை. ஹெரால்ட் எல்லாமே ஐம்பது வயதைத் தாண்டியவை, 2021-ஆம் ஆண்டு விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' வரும். ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைத் தினசரி சந்தைக்கு ஓட்டிப்போக முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்குத்தான். பழுது பார்ப்பதையும் சேர்த்து எழுதியவர் ஹெரால்ட் வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பெயிண்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துரு அங்கேதான் குடியிருக்கும். முன்சக்கரத்தைத் தாங்குகிற ட்ரன்னியனில் பட்டறைப் பையன் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடிக்க வருவான், விடாதீர்கள். அதற்குக் கியர் ஆயில்தான், தொண்ணூறு நம்பர். ஆயில் வற்றினால் உள்ளே மரை துருப்பிடித்து உடைந்து, சக்கரம் ஒருநாள் நடுரோட்டில் படுத்துவிடும். ஆயிலை வருஷம் தவறாமல் ஊற்றுங்கள். மாமனாரிடம் லாரிக்கார லேலண்ட் கதையை மட்டும் சொல்லுங்கள், ட்ரன்னியன் கதையைச் சொல்லவே சொல்லாதீர்கள்.