திரையில்லாத செட்டும் மூன்று நிறத் திரையும்

எண்பதுகளின் கடைசியில் ஹாம் ரேடியோ ஆர்வலர்களான நாங்கள் கொல்லிமலைக்குக் கொண்டுபோன ஹேண்டியில், அதாவது கையடக்க ரேடியோவில், திரையே கிடையாது. ஐகாம் ஐசி-2ஏடி, 1980 வாக்கில் ஜப்பானிலிருந்து வந்த செட். மண்டையில் வரிசையாக மூன்று எண் சக்கரங்கள். 145.500 மெகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டுமானால் 5, 5, 0 என்று விரலால் தள்ள வேண்டும். ஐந்து கிலோஹெர்ட்ஸ் கூட்ட ஒரு தனிச் சுவிட்ச். இன்று என் கையில் இருக்கும் பாவ்ஃபெங் யுவி-5ஆரில் திரை உண்டு. அது நீலம், ஆரஞ்சு, ஊதா என்று மூன்று நிறத்தில் ஒளிரும். நிறத்தை மாற்றுவதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். மலையில் இரவு தங்கியவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

அன்று ஒரு செட் கைக்கு வருவதே பெரும்பாடு. முதலில் உரிமம். 1978 விதிகளின்படி இரண்டாம் நிலை உரிமத்துக்கே நிமிடத்துக்கு ஐந்து சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். தேறிய பிறகு, வெளிநாட்டுச் செட்டுக்கு யாராவது ஊருக்கு வரும் வரை காத்திருப்பு. மூன்று பேருக்கு ஒரு செட் என்று பகிர்ந்துகொண்டோம். காரவள்ளியில் ஏறத் தொடங்கும் பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சோளக்காடு சேரும்வரை அது மடியை விட்டு இறங்காது.

அத்தனை பாடும் உயரத்துக்காகத்தான். இந்தச் செட்டுகள் பயன்படுத்தும் விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட கண்பார்வை போல நேராகப் போவது. சமவெளிக்கு மேலே ஆயிரம் மீட்டரில் நின்றால் அதன் அடிவானம் கணக்குப்படி 130 கிலோமீட்டர். கீழே மாடியில் நின்றால் பக்கத்து ஊரைத் தாண்டாத செட்டின் ஒன்றரை வாட், மலை விளிம்பிலுள்ள சீக்குப்பாறையிலிருந்து சேலத்தையும் திருச்சியையும் எட்டிப் பிடிக்கும்.

இருட்டியதும் எண் சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் விரலால் எண்ணினோம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'டிக்'. தெரிந்த இடத்திலிருந்து எத்தனை டிக் என்று கணக்கு. செட் பேசும்போது ஒரு பொட்டு சிவப்பு விளக்கு எரியும். வெளிச்சம் என்று இருந்தது அவ்வளவுதான். செட்டைப் பார்க்கவே வேண்டியிராததால் கண் முழுவதும் மலைக்கும் வானத்துக்கும் கிடைத்தது.

இன்று நிலைமை தலைகீழ். இருட்டில் தடுமாறிய எங்களுக்கு ஒளி தேவைப்பட்டது, அது இல்லை. இப்போது ஒளி வேண்டிய மட்டும் இருக்கிறது, அதிலிருந்து கண்ணைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு மிகவும் கூசும். சிவப்பு, ஆரஞ்சுப் பக்கத்து ஒளி அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. நீலத் திரையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், முன்னால் இருக்கும் பாறை விளிம்பு தெரியாது. கொல்லிமலை விளிம்பில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சென்ற முறை எங்களோடு மலையேறிய கல்லூரி மாணவி புதிதாக உரிமம் வாங்கியவர். இன்றைய ரெஸ்ட்ரிக்டெட் உரிமத்துக்கு மோர்ஸ் வேண்டாம். பன்னிரண்டு வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். அவர் தன் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், இதுல எதுக்குங்க மூணு கலரு? அழகுக்குத்தானே?"

"இல்லம்மா, மூணு வேலைக்கு. மெனுவை அமுக்கி 29 போடு. சும்மா இருக்கும்போது என்ன நிறம்னு அது கேட்கும். 30, யாராவது பேசுறது நமக்கு வரும்போது. 31, நாம பேசும்போது. மறுபடி மெனுவை அமுக்கி, மேல் கீழ் பொத்தானால நிறத்தைத் தேர்ந்தெடு. திரும்ப மெனு அமுக்கினா பதிஞ்சிடும். எக்ஸிட் குடுத்து வெளிய வந்துடு."

மலை இரவுக்கு நான் வைத்துக்கொள்ளும் முறை இது. 29-இல் ஆரஞ்சு, ஏனென்றால் எண் பார்ப்பது அப்போதுதான். 30-இல் ஆஃப். வரும் குரலுக்குக் காது போதும். இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது திரை வீணாக எரிய வேண்டாம். 31-இல் நீலம், எச்சரிக்கைக்காக; பேசும்போது திரையைப் பார்க்க வேண்டியதில்லை. பைக்குள் கிடக்கும் செட்டில், பேசுவதற்கு அமுக்கும் பிடிடி பொத்தான் அழுந்திவிட்டால் சேனல் முழுக்க அடைபட்டுவிடும், பேட்டரியும் கரையும். மேலே எரியும் சிறு சிவப்பு விளக்கு துணி மடிப்பில் மறைந்துவிடும். திரை முழுக்க நீலம் என்றால் பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். காவலுக்குக் காவலாக 9-ஆம் மெனுவில் நேர வரம்பையும் வைத்துவிட வேண்டும். தொடர்ந்து பேசினால் செட் தானே நிறுத்திக்கொள்ளும்.

அன்று மலைமேல் போன் அரிது, எங்கள் செட்டைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள். இன்று மலையிலுள்ள செம்மேட்டில் நிற்பவர் கையிலெல்லாம் செட்டைவிட நூறு மடங்கு பளிச்சென்ற திரை. ஆனாலும் ஹாம் ரேடியோ தேவையற்றுப் போகவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, அபூர்வமான அந்தமான் தொடர்புகளை உலக ஹாம்களுக்குத் தருவதற்காகப் போர்ட் பிளேரில் இருந்தார் வியு2ஆர்பிஐ என்ற அழைப்புக்குறி கொண்ட பாரதி பிரசாத். தொலைபேசிகள் செத்துக் கிடந்த வேளையில், உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்த மக்களுக்கு அவர் குழுவின் ரேடியோ பதில் சொன்னது. மின்சாரம் போன இரவில், மிச்சமிருக்கும் பேட்டரியோடு வேலை செய்யும் நிலை எந்த ஹாமுக்கும் வரலாம். திரை எந்த நிலையில் எந்த நிறத்தில் எரியும், எத்தனை நொடி எரியும் என்பது அப்போது கைக்கும் கண்ணுக்கும் பழகியிருக்க வேண்டும்.

அன்று விரல் நுனியில் எண்ணியதை இன்று நிறத்தால் அறிகிறோம். டிக்கை எண்ணவும் சிறிய எண்ணைப் பார்க்கவும் சிரமப்படுபவர்களுக்கும் இடம் கொடுக்கும் மாற்றம் இது. புரை விழுந்த கண்ணோடு என்னைப் போன்றவர்கள் இன்னும் மலையேற முடிவது அதனால்தான். புதிதாகச் செட் வாங்குவோர் நீளமான ஆன்டெனா தேடிப் போகும் முன், வீட்டு அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து, தங்கள் கண்ணுக்கு ஒத்துவரும் நிறம் எது என்று முடிவு செய்துகொள்ளட்டும்.