பூச்சி படம் பிடிக்கப் போற பேராண்டிக்கு

கேமரா வாங்கியாச்சுன்னு உங்கம்மா சொன்னா. சந்தோசம்ல பேராண்டி. நூறு எம்.எம். மேக்ரோ லென்ஸாம், அதுக்கு ஒரு பையாம், அந்தப் பைக்கு ஒரு மழைக்கோட்டாம், மூணு கால் ஸ்டாண்டாம். எல்லாம் இருக்கு. முட்டி இருக்கா? அதைச் சொல்லு முதல்ல. பூச்சி உன் உசரத்துக்கு எழும்பி வந்து நிக்காது. நீதான் கரிசல் மண்ணுல மண்டி போடணும், தேவைப்பட்டா குப்புறப் படுக்கணும், அது கண்ணுக்கு நேரா உன் கண்ணு வரணும். பேன்ட்ல மண் ஒட்டுதேன்னு நின்னுக்கிட்டே குனிஞ்சு எடுத்தா வாறது அதோட முதுகுதான். முதுகைப் பாக்கவா அம்புட்டுத் துட்டைக் கொட்டுன?

போன தடவை வந்தப்ப ஒரு தட்டான் படம் காமிச்ச. வால் பளிச்சுன்னு இருந்தது. மூஞ்சியைத்தான் காணோம். "இது ஒரு ஆர்ட் தாத்தா"ன்ன. நானும் ஆமான்னுட்டேன். உங்கம்மா சோறு போட்டுக்கிட்டு இருந்தா, எதுக்கு வம்பு? சங்கதி என்னன்னா, பூச்சியை அதோட நிஜ அளவுக்கே சென்ஸார்ல பதிச்சா, எஃப் 8 வச்சாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தேறும். நீ ஒரு மூச்சு விட்டா அதைவிட அதிகமா அசைவ. துளையைச் சுருக்குனா ஆழம் கூடுமேன்னு 22 வரைக்கும் திருகுவ, தெரியும். ஆழம் கூடும், மொத்தப் படமும் மழுங்கிரும். 11க்கும் 16க்கும் நடுவுல நில்லு. ஃபோகஸ் வளையத்தைத் திருகித் திருகித் தேடாத. அதை ஒரு இடத்துல நிறுத்திட்டு நீ லேசா முன்னப் பின்ன ஆடு. பூச்சியோட கண்ணு தெளியுற நிமிசத்துல அமுக்கு. கண்ணு தெளிஞ்சா போதும், றெக்கையும் காலும் மங்கலா இருந்தா எவனும் கேக்க மாட்டான்.

ஃபிளாஷை அதோட மூஞ்சிக்கு நேரா அடிக்காத. பொன்வண்டு முதுகுல வெள்ளைத் திட்டு விழுந்து பச்சையெல்லாம் போயிரும். டிவி வாங்குன பெட்டிக்குள்ள சுத்தி வருமே வெள்ளை நுரைத்தாள், அதுல ஒரு துண்டை வெட்டி முன்னால கட்டு. கடையில இதையே துணியில தச்சு டிஃப்யூசர்னு விக்கான். அதையும் வாங்கியாச்சா? சரி விடு.

எப்ப வாறதுன்னு கேட்ட. ஆனி ஆடியில லீவு போட்டுட்டு வந்துராத. செங்கோட்டைக் கணவாய் வழியா வாற காத்து கயத்தாத்துல நிக்கிற காத்தாடியையெல்லாம் சுத்திக்கிட்டு இருக்கும். அம்புட்டுப் பெரிய றெக்கையைச் சுத்துற காத்து, புல் நுனியில உக்காந்த உன் தட்டானை விட்டு வைக்குமா? அந்த மாசத்துலதான் வருவேன்னு அடம்பிடிச்சா காத்தாடியவே எடு. பெருசு, தப்பாது.

மழைக்கு வா. முதல் மழை விட்ட மறுநாள் காலையில காட்டுக்குப் போனா மண்ணைப் பொத்துக்கிட்டு பட்டுப்பூச்சி வந்துருக்கும், சிவப்பு வெல்வெட்டுல சட்டை தச்சுப் போட்டுக்கிட்டு. ஊர்ப் பிள்ளைக தீப்பெட்டிக்குள்ள பிடிச்சு வைக்கிறது அதைத்தான். காலை எண்ணிப் பாரு, எட்டு இருக்கும். பூச்சின்னு பேரு வச்சிருக்கோமே தவிர, சிலந்திக்கும் உண்ணிக்கும்தான் அது பங்காளி. கரையானைத் தின்னு வளருது. மழை ஈரம் இல்லைன்னா வெளிய தலை காட்டாது.

நேரம்? நீ எந்திரிக்கது எட்டரைக்கு. பல்லு விளக்கி, காபி குடிச்சு, செல்லைப் பாத்து, பேட்டரியைத் தேடி, பத்தரைக்கு வெயில் ஏறுனப்புறம் போய் "தாத்தா, ஒரு பூச்சி கூட உக்கார மாட்டேங்குது"ம்ப. அதுக்கு ரத்தம் சூடாக வெயில் வேணும்ல. விடியக்காலம் குளிர்ல தட்டான் அசைய மாட்டாம பனித்துளியோட தொங்கிக்கிட்டு கிடக்கும். பறக்கணும்னா முதல்ல றெக்கையை நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கணும். அந்த நேரத்துக்குப் போனா நீ ஸ்டாண்டை விரிச்சு, அதுல ஒரு காலைத் தடுக்கி, திரும்ப நிறுத்தி எடுக்குற வரைக்கும் அது காத்திருக்கும். வெயில் ஏறிட்டா விரட்டாத. சில தட்டானுக்கு ஒரு குச்சி பட்டா போட்டுக் குடுத்தது கணக்கு. பறந்து போய் கொசுவைப் பிடிச்சிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும். குச்சிப் பக்கத்துல போய் உக்காரு. ஆனா மழைக்கு முன்னால கூட்டம் கூட்டமா பறக்குதே மஞ்சத் தட்டான், அதை விட்டுரு. அது இந்தியாவுலருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போற சாதி. உனக்குக் கண்மாய்க்கரை ஏறவே மூச்சு வாங்குது.

காட்டுக்குத்தான் போகணும்னு எவன் சொன்னான்? நம்ம தொழுவத்துக்குப் போ. கூரைக்குக் கீழ, மழை படாத புழுதியில, புனல் புனலா குழி கிடக்கும். குழியானை பறிச்சது. அடியில மண்ணுக்குள்ள உடம்பை ஒளிச்சிக்கிட்டு கொடுக்கை மட்டும் நீட்டி வச்சிருக்கும். எறும்பு விளிம்புல கால் வச்சா மண்ணு சரியும். ஏறப் பாத்தா கீழருந்து தலையால மண்ணை வாரி அடிக்கும். அதைத்தான் எடுக்கணும், அந்த மண்ணு பறக்குற நிமிசத்தை. கேமராவைத் தரையோட தரையா வச்சு, குழி விளிம்புல ஃபோகஸ் போட்டு, ஃபிளாஷைப் பக்கவாட்டுல நிறுத்திட்டுக் காத்துக் கிட. எறும்பை நீயே பிடிச்சுப் போடாத, தன்னால வரும். குழியானை புழுவா இருக்குற காலம் முழுக்க வெளிக்கிப் போகாது தெரியுமா? குடலு பின்னாடி வரைக்கும் திறந்திருக்காது. எல்லாத்தையும் உள்ளயே அடக்கி வச்சிருந்து, றெக்கை முளைச்சு வந்தப்புறம்தான் இறக்கும். அது அப்படி இருக்கு. நீ கால் மணி நேரம் செல்லைப் பாக்காம இருக்க மாட்டேங்குற.

திண்ணைச் சுவத்துல குதிக்குற சிலந்தி இருக்கும். மத்ததெல்லாம் உன்னைக் கண்டா ஓடும். இது திரும்பி நின்னு, மாப்பிள்ளையோட அம்மா கணக்கா உன்னை மேலயும் கீழயும் அளக்கும். எட்டுக் கண்ணு, அதுல நாலு முன்னால, நடுவுல உள்ள ரெண்டும் பெருசு. அந்த ரெண்டும் வெளிய அசையாது. உள்ள உள்ள விழித்திரைதான் அங்கிட்டும் இங்கிட்டும் நகரும். அதனால ஒரு படத்துல கண்ணு கறுப்பா இருக்கும், அடுத்ததுல வெளுத்துத் தெரியும். கேமரா கெட்டுப் போச்சுன்னு கடைக்கு ஓடாத.

எருக்கஞ்செடிக்கும் போ. மஞ்சளும் நீலமுமா பட்டை போட்ட வெட்டுக்கிளி ஒண்ணு ஆற அமர இலையைத் தின்னுக்கிட்டு இருக்கும். அழகுன்னா அப்படி ஒரு அழகு. யாரைப் பாத்தும் பயப்படாது. லென்ஸைக் கிட்டக் கொண்டு போ. இன்னும் கிட்ட. இலையைக் கொஞ்சம் ஆட்டி விடு. துடைக்கத் துணி கொண்டு போயிருக்கேல்லா? சும்மா கேட்டேன். எருக்கம்பால்ல வளந்த உடம்பு, கோவம் வந்தா பீச்சி அடிக்கும்பாங்க. தென்காசிப் பக்கம் மாந்தோப்புல மரத்துல சாஞ்சுக்கோன்னு எவனாவது அன்பாச் சொன்னாலும் அண்ணாந்து பாத்துட்டுச் சாயி. இலையைச் சேத்துத் தச்சு முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். நூலு அதுக்குக் கிடையாது. தன் புழுவைக் கவ்விக்கிட்டு வந்து, அது விடுற நூலால தைக்கும், பிள்ளையவே ஊசியாக்கி. அந்தக் கூட்டத்துல முன்னங்காலு ரெண்டையும் மீசைன்னு தூக்கி ஆட்டிக்கிட்டு எறும்பு வேசத்துல ஒரு சிலந்தியும் திரியும். அதைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டு வா, நீ கெட்டிக்காரன்னு ஒத்துக்கிடுதேன்.

சில பேரு பூச்சியைப் பிடிச்சு ஃப்ரிட்ஜுல வச்சு, விறைச்சதும் எடுத்து இலை மேல உக்கார வச்சுப் படம் எடுக்காங்களாம். பனித்துளிக்கு, சலவைக்காரர் தண்ணி தெளிக்கிற பாட்டிலாம். அம்புட்டு வசதி இருக்கும்போது பூச்சி எதுக்கு, பிளாஸ்டிக்லயே வாங்கிக்கிடலாமே. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் 2017ல ஒரு படத்துக்குப் பரிசு குடுத்துச்சு. பிரேசில் காடு, ராத்திரி, கரையான் புத்து பூராம் வண்டுப் புழுக்க மினுங்குது, பக்கத்துல பெரிய எறும்புதின்னி. பாத்தா கும்பிடத் தோணும். மறு வருசமே பரிசைப் பிடுங்கிட்டாங்க. அந்தக் காட்டுப் பூங்காவுல பஞ்சடைச்சு வச்சிருந்த எறும்புதின்னிதான் படத்துல நிக்குதுன்னு விஞ்ஞானிங்க ஒத்துப் பாத்துச் சொல்லிட்டாங்க. எடுத்தவரு இல்லவே இல்லைன்னுதான் சாதிச்சாரு. அசையாம நிக்கிற மிருகம்தான் வேணும்னா நம்ம அய்யனார் கோயில் குதிரை இருக்குல்லா, அதை எடு, பரிசும் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம்.

மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தாரு. நம்ம திருநவேலியில 1912ல பொறந்தவரு, நாவல் எழுதுன அ. மாதவையாவோட மகன். 'ஸ்டேட்ஸ்மன்' பேப்பர்ல 1950ல எழுத ஆரம்பிச்சவரு 1996ல கண்ணை மூடுற வரைக்கும் நிறுத்தல. யானையை எழுதுன கையாலயே அணிலையும் காக்காயையும் எழுதுனாரு. எடுத்த படம் கறுப்பு வெள்ளை. அங்கிட்டு ஒரு பாகம், இங்கிட்டு ஒரு லென்ஸ்னு ஒட்டுப் போட்டுத் தானே கட்டுன கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பட்டப்பேரும் வச்சிருந்தாரு. நீ புது மாடல் வரும்போதெல்லாம் பழசை வித்துட்டு அலையுற. கேமரா மாறுது, தட்டானுக்கு இன்னும் மூஞ்சி வந்தபாடில்ல.

பூச்சி சிக்காத அன்னிக்கு ஊர்க்காட்சி எடுக்கக் கிளம்புவ. கிளம்பு. எருமை மேல கரிச்சான் உக்காந்து போவும். எருமை கால் வைக்க வைக்கப் புல்லுக்குள்ளருந்து கிளம்புற பூச்சியை அது பாஞ்சு பிடிக்கும். நல்ல படம். ஆனா உனக்கு அது ஆகாது. உனக்குக் கிழவன் வேணும். முகம் நிறையச் சுருக்கம், வாயில பீடி, கையைக் கண்ணுக்கு மேல வச்சு அண்ணாந்து பாக்கணும். கறுப்பு வெள்ளையில போட்டு, அடியில 'நம்பிக்கை'ன்னு எழுதணும். மேலத்தெருக்காரரை அப்படித்தான ஒருத்தன் எடுத்துட்டுப் போய் எங்கயோ மாட்டி வச்சான்? அவரு வானத்தைப் பாக்கலைடே. கம்பத்துல த்ரீபேஸ் கரண்டு வந்துருச்சான்னு பாத்தாரு. மோட்டாரு போடணும்லா. "அய்யா, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?"ன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பாரு. பொம்பளைக, பிள்ளைகன்னா கேக்காம கேமராவைத் தூக்கவே தூக்காத. தட்டான் கோச்சுக்கிட்டா பறந்து போயிரும், எங்க ஊர்ப் பொம்பளைக பறக்க மாட்டாங்க, நேரா உன்கிட்டதான் வருவாங்க.

சரி, நீ வாறப்ப வா. வந்ததும் காட்டுக்குப் போறதுக்கு முன்னால ஒரு காரியம். முதியோர் உதவித்தொகைக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கேக்காங்க. அந்தப் பெரிய லென்ஸைக் கழட்டி உள்ள வச்சிட்டு செல்லுலயே எடு. நான் சட்டை மாத்திட்டு வந்து நிப்பேன். சுருக்கம் தெரியாம எடுக்கணும், ஆமா.